ஸ்பிரின்ட் முடிந்தும் வேலை முடியாதது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: எட்டு பேர் மென்பொருள் டீம், ஸ்க்ரம் என்ற வேலை முறை, இரண்டு வார ஸ்பிரின்ட் (ஒரு வேலைச் சுற்று), தினமும் ஸ்டாண்டப் (சிறு கூட்டம்), கடைசி நாளில் டெமோ, ரெட்ரோ (நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்), எல்லாம் ஆறு மாதமாகத் தவறாமல் நடக்கிறது. ஆனாலும் எடுத்த வேலையில் பாதி ஒவ்வொரு முறையும் அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளிப்போகிறது. மற்ற டீம்கள் உண்மையில் எப்படித்தான் வேலையை ஒழுங்கு செய்கிறார்கள், நாங்கள் எங்கே தவறுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. "பிளானிங்கில் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து டிக்கெட் பிரித்துக் கொடுத்துவிடுவோம்" என்கிறீர்கள். பிளானிங் என்பது ஸ்பிரின்டின் தொடக்கத்தில் நடக்கும் திட்டமிடும் கூட்டம், டிக்கெட் என்பது டீமின் பலகையில் பதியும் ஒரு தனி வேலை. என் அனுபவத்தில் பாதி சிக்கல் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது, அதனால் அதைச் சுற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஸ்க்ரம் என்ற சொல் ரக்பி விளையாட்டிலிருந்து வந்தது. 1986ல் ஹிரோடகா டேக்யூச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான் போன்ற நிறுவனங்கள் புதுப் பொருட்களை எப்படி வேகமாகக் கொண்டுவந்தன என்று பார்த்துவிட்டு, பழைய முறையைத் தொடர் ஓட்டத்துக்கும் புதிய முறையை ரக்பிக்கும் ஒப்பிட்டார்கள். தொடர் ஓட்டத்தில் ஒருவர் ஓடி முடித்துக் கோலைக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் ஓடுவார். ரக்பியில் எல்லோரும் ஒன்றாக, பந்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே, ஒரே திசையில் நகர்வார்கள். இந்த எண்ணத்தை ஜெஃப் சதர்லேண்ட் 1993ல் ஒரு மென்பொருள் டீமில் செய்து பார்த்தார், பிறகு அவரும் கென் ஷ்வேபரும் சேர்ந்து 1995ல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து மாற்றங்களை ஏற்றுக்கொள்ளும் போக்கை விளக்கும் அஜைல் அறிக்கையை எழுதியபோது இருவரும் அங்கே இருந்தார்கள். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு என்ற சிறு ஆவணம் 2010ல் வந்தது, கடைசியாக 2020ல் திருத்தினார்கள், வெறும் 13 பக்கம். டீமில் எல்லோரையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரம் என்று நாம் செய்துகொண்டிருக்கும் எத்தனையோ விஷயங்கள் அதில் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

உங்கள் டீமில் நடப்பது ரக்பியும் இல்லை, தொடர் ஓட்டமும் இல்லை. எட்டு பேர் எட்டுத் தனிப் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறீர்கள். ஒருவர் தடுக்கி விழுந்தால் மற்றவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தன் ஐந்து டிக்கெட்டை விட்டுவிட்டு வர முடியாது. அப்புறம் கடைசி மூன்று நாளில் எட்டு பேரும் ஒரே நேரத்தில் கோட் ரிவியூவுக்கும் (ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது) டெஸ்டிங்குக்கும் வந்து நிற்பார்கள். பாதி அங்கேயே தேங்கிவிடும்.

சரி, ஒழுங்காக நடக்கும் டீம் எப்படி அடுக்குகிறது?

எல்லாம் பேக்லாகிலிருந்து, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. ஒரு தயாரிப்புக்கு ஒரே பட்டியல், அதற்கு ஒரே வரிசை, அந்த வரிசைக்குப் பொறுப்பு ஒரே ஒரு ப்ரொடக்ட் ஓனர். வரிசை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்க வேண்டும். 40 டிக்கெட்டில் 31க்கு "ஹை" என்று போட்டு வைத்திருந்தால் அது வரிசையே ஆகாது, யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். மேலே இருப்பவை சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் போதும். கீழே போகப் போக மங்கலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆறு மாதம் கழித்து வரப்போகும், வராமலும் போகக்கூடிய ஒன்றை இன்றைக்கே நுணுக்கமாக எழுதி வைப்பது வீண் உழைப்பு. ஒரு வருடமாக யாரும் தொடாத டிக்கெட்டுகளைத் தயங்காமல் அழித்துவிடுங்கள், உண்மையிலேயே தேவையானது எப்படியும் திரும்பி வந்துவிடும்.

மேலே இருப்பவற்றைச் சிறியதாக்கும் வேலைக்கு ரிஃபைன்மென்ட் என்று பெயர். பிளானிங் நாளன்றுதான் ஒரு டிக்கெட்டை முதல் முறையாகப் படிக்கிறீர்கள் என்றால் அந்த ஸ்பிரின்ட் தொடங்கும்போதே பின்தங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அடுத்து வரப்போகும் ஐந்தாறு விஷயங்களை மட்டும் எடுத்துப் பேசினால் போதும்.

அதில் பெரும்பாலான டீம்கள் சறுக்கும் இடம், பெரிய வேலையை எப்படி உடைப்பது என்பது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் "டேட்டாபேஸ் மாற்றம்", "ஏபிஐ எழுதுதல்", "ஸ்கிரீன்", "டெஸ்டிங்" என்று அடுக்கு அடுக்காக உடைத்திருக்கிறீர்கள் (ஏபிஐ என்றால் ஸ்கிரீனும் டேட்டாபேஸும் பேசிக்கொள்ளும் இணைப்பு). இப்படி உடைத்தால் நான்கும் முடியும்வரை எதுவுமே முடியாது, மூன்று முடிந்த நிலையிலும் பயன்படுத்துபவர் கையில் ஒன்றும் இருக்காது. அடுக்காக வெட்டாமல் கேக்கைப் போல மேலிருந்து கீழே வரை ஒரு துண்டாக வெட்ட வேண்டும். உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் தன் ஆர்டரைத் தானே ரத்து செய்யும் வசதி. முதல் துண்டு: இன்னும் அனுப்பப்படாத ஆர்டர், கார்டில் பணம் கட்டியது, முழு ஆர்டரும் ரத்து. இதற்குத் தேவையான அளவு டேட்டாபேஸ், இதற்குத் தேவையான அளவு ஏபிஐ, ஒரே ஒரு பட்டன். மூன்று நாளில் உண்மையான ஆள் பயன்படுத்தக்கூடிய ஒன்று கையில் இருக்கும். ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் ரத்து செய்வது இரண்டாவது துண்டு, அனுப்பிய பிறகு ரத்து செய்வது மூன்றாவது, கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் என்ன கணக்கு என்பது நான்காவது. பல நேரம் முதல் இரண்டு துண்டு வெளியே போன பிறகு, நான்காவதுக்கு அவசரமே இல்லை என்று ப்ரொடக்ட் ஓனரே சொல்லிவிடுவார். அடுக்கு அடுக்காக வெட்டினால் அப்படிச் சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்காது.

இனி பிளானிங். 2020 கைடு இதை மூன்று கேள்வியாகப் பிரிக்கிறது: இந்த ஸ்பிரின்ட் ஏன் முக்கியம், எதை முடிக்க முடியும், அதை எப்படிச் செய்யப்போகிறோம். "ஏன்" என்பதற்குக் கிடைக்கும் பதில்தான் ஸ்பிரின்ட் இலக்கு, உங்கள் டீமில் இல்லாமல் இருப்பதும் அதுதான். "இந்த 23 டிக்கெட்டையும் முடிப்பது" என்பது இலக்கு ஆகாது. "அனுப்பப்படாத ஆர்டரை வாடிக்கையாளர் யாரையும் அழைக்காமல் தானே ரத்து செய்ய முடிய வேண்டும்" என்பது இலக்கு. வித்தியாசம் ஆறாவது நாளில் தெரியும். பணம் திருப்பிக் கொடுக்கும் சேவை எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எண்ணிக்கைதான் இலக்கு என்றால் அந்த ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் தங்கள் தங்கள் டிக்கெட்டை ஓட்டுவார்கள். இலக்கு ஒன்று இருந்தால், இதைத் தீர்க்காமல் மற்ற எதுவும் அர்த்தமில்லை என்று மூன்று பேர் அங்கே வந்து உட்காருவார்கள், இலக்குக்குச் சம்பந்தமில்லாத இரண்டு டிக்கெட்டைப் ப்ரொடக்ட் ஓனரிடம் பேசி வெளியே எடுத்துவிடுவார்கள். கைடும் இதைத்தான் சொல்கிறது. டீம் உறுதி கொடுப்பது இலக்குக்கு, அதை அடைய எடுத்த டிக்கெட் பட்டியல் வழியில் மாறலாம். 2011லேயே கைடில் "டீம் இவ்வளவு முடிப்பதாக உறுதி கொடுக்கிறது" என்பதை "இவ்வளவு முடியும் என்று கணிக்கிறது" என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் பிளானிங்கில் எடுத்த ஒவ்வொரு டிக்கெட்டையும் சத்தியம் செய்து கொடுத்ததைப் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும் மேனேஜர்கள் நிறைய. அந்தப் பயத்தில்தான் டீம் எஸ்டிமேட்டை ஊதிப் பெருக்குகிறது, அல்லது அரைகுறையாகச் செய்துவிட்டு முடிந்தது என்கிறது.

எவ்வளவு எடுப்பது? கடந்த மூன்று ஸ்பிரின்டில் உண்மையிலேயே முடிந்தது எவ்வளவோ அவ்வளவு, அதிலிருந்து விடுமுறையையும் சப்போர்ட் வேலையையும் கழித்துவிடுங்கள். ஆறு மாதமாகப் பாதிதான் முடிகிறது என்று உங்களுக்கே தெரிகிறது, பிறகும் ஏன் இரண்டு மடங்கு எடுக்கிறீர்கள்? ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவைச் சொல்லும் எண்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் முடியும் பாயின்ட்), பர்ன்டவுன் (மீதி வேலையைக் காட்டும் வரைபடம்) இவை எதையும் கைடு கட்டாயமாக்கவில்லை. பாயின்டை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, ஜேம்ஸ் கிரென்னிங் 2002ல் கொண்டுவந்த பிளானிங் போக்கர், அதாவது எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்டி மதிப்பிடுவது, நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் வரும் எண்ணைவிட எண்கள் ஒத்துப்போகாத இடம்தான் எனக்கு முக்கியம். ஒருவர் 2 காட்டுகிறார், இன்னொருவர் 8 காட்டுகிறார் என்றால் யாரோ ஒருவருக்கு மற்றவருக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது, அதைப் பேசி வெளியே கொண்டுவருவதுதான் பலன். அந்த எண்ணை வைத்து ஒரு டீமை இன்னொரு டீமோடு ஒப்பிட ஆரம்பித்தால் மூன்றே மாதத்தில் 3 எல்லாம் 5 ஆகிவிடும், வேலை மட்டும் அதே அளவில் நிற்கும்.

நான் முன்பு இருந்த ஒரு டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்கள் நிலை அப்படியே எங்களுக்கும் இருந்தது. ஏழு பேர். எட்டாவது நாள் பலகையைப் பார்த்தால் நடுவில், தொடங்கி முடியாத நிலையில், 16 டிக்கெட் நிற்கும், முடிந்த பக்கம் இரண்டோ மூன்றோ. யாரும் சோம்பேறி இல்லை, எல்லோரும் இரவு வரை உழைத்தார்கள், எனக்கு அதுதான் மிகவும் வருத்தமாக இருந்தது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961ல் நிரூபித்த ஒரு விதிப்படி, சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்பது வரும். நாளுக்கு இரண்டு முடிக்கக்கூடிய டீம் 16ஐத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் சராசரி எட்டு நாள் இழுக்கும். அதே டீம் ஆறை மட்டும் திறந்து வைத்தால் மூன்று நாள். ஆட்களைக் கூட்டாமல், வேகத்தைக் கூட்டாமல், திறந்து வைப்பதைக் குறைத்தாலே இந்த மாற்றம் வரும். பத்து வேலை நாள் கொண்ட ஸ்பிரின்டில் எட்டு நாள் இழுக்கும் வேலையும் மூன்று நாள் இழுக்கும் வேலையும் ஒன்றாகுமா?

நாங்கள் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். இது கான்பானிலிருந்து, அதாவது கையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறையிலிருந்து வந்த பழக்கம், ஸ்க்ரமில் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முதல் வாரம் சங்கடமாகத்தான் இருந்தது. தன் வேலை முடிந்த ஒருவர் புது டிக்கெட்டை எடுக்க முடியாமல், ரிவியூவில் நிற்பதைப் பார்க்கவோ, டெஸ்டிங்கில் இருப்பவருக்கு உதவவோ, இன்னொருவரோடு உட்கார்ந்து எழுதவோ வேண்டியிருந்தது. "நான் சும்மா இருப்பது போலத் தெரிகிறதே" என்று ஒருவர் கவலைப்பட்டார். மூன்றாவது ஸ்பிரின்டில் டெஸ்டிங் செய்பவருக்கு மூன்றாம் நாளே வேலை வர ஆரம்பித்தது, அதுவரை எட்டாம் நாள் வரைக்கும் காத்திருந்துவிட்டு கடைசி இரண்டு நாள் தூங்காமல் இருந்தவர் அவர். அந்த மாற்றத்தைப் பார்த்த பிறகு யாரும் பழைய முறைக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

ஸ்டாண்டப்பை இதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்வியை 2020 கைடிலிருந்து எடுத்தேவிட்டார்கள், நல்ல முடிவு. ஆள் ஆளாகச் சுற்றி வந்தால் ஒவ்வொருவரும் தான் மும்முரமாக இருந்ததைத்தான் நிரூபிக்கப் பார்ப்பார். பலகையை வலமிருந்து இடமாகப் பாருங்கள், முடிவுக்கு மிக அருகில் இருப்பதில் தொடங்கி, "இது இன்றைக்கு முடிய யார் என்ன செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். 15 நிமிடம் தாராளமாகப் போதும். இந்தக் கூட்டம் வேலை செய்கிறவர்களுக்கானது, மேனேஜர் வந்து குறிப்பெடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது அட்டெண்டன்ஸ் ஆகிவிடும்.

"முடிந்தது" என்றால் என்ன என்பதை எழுதி வைத்திருக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதனால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். கோட் எழுதி, இன்னொருவர் ரிவியூ செய்து, ஆட்டோமேஷன் டெஸ்ட் ஓடி, எல்லோருடைய கோடும் கூடும் மெயின் கிளையில் சேர்ந்து, வேண்டுமென்றால் இன்றைக்கே ப்ரொடக்ஷனுக்கு, அதாவது பயன்படுத்துபவர் கைக்குப் போகக்கூடிய நிலை என்று நீங்களே உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நிலைக்கு வராத எதுவும் முடியாததுதான். 90 சதவீதம் முடிந்தது என்று ஒன்று கிடையாது, பாதிப் பாயின்டும் கிடையாது, கடைசி நாள் நடக்கும் ஸ்பிரின்ட் ரிவியூவில் காட்டவும் கூடாது. அது பேக்லாகுக்குத் திரும்பிப் போகும், அடுத்த ஸ்பிரின்டில் அது தானாக முதலிடம் பிடிக்காது, மறுபடி யோசித்துத்தான் எடுக்க வேண்டும். சில டீம்கள் "டெவலப்மென்ட் இந்த ஸ்பிரின்ட், டெஸ்டிங் அடுத்த ஸ்பிரின்ட்" என்று வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அடுத்த ஸ்பிரின்டில் பக் (பிழை) வரும், அதைச் சரிசெய்ய வேண்டியவர் வேறு வேலையில் இருப்பார், தள்ளிப்போவதை நாமே விதியாக்கியது போல ஆகிவிடும்.

நடுவில் வந்து விழும் ப்ரொடக்ஷன் பிரச்சினையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வரத்தான் செய்யும், வராது என்று திட்டமிடுவதுதான் தவறு. ஸ்பிரின்டுக்கு ஒருவர் முறை வைத்து அதைப் பார்க்கட்டும், பிளானிங்கில் அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மற்ற ஏழு பேரை யாரும் நேரடியாகக் கூப்பிடக் கூடாது. அதற்கும் மேலே பெரிதாக ஒன்று வந்தால் ப்ரொடக்ட் ஓனர் வழியாக வரட்டும், உள்ளே ஒன்று வந்தால் அதே அளவு ஒன்று வெளியே போக வேண்டும். ஸ்பிரின்டின் இலக்கே அர்த்தமற்றுப் போனால் ஸ்பிரின்டை ரத்து செய்யலாம், அந்த அதிகாரம் ப்ரொடக்ட் ஓனருக்கு மட்டும்தான். அபூர்வமாகத்தான் நடக்கும். டீமின் வேலையில் பாதிக்கு மேல் இப்படி அன்றன்றைக்கு வருவதுதான் என்றால் ஸ்பிரின்டை விட்டுவிட்டுக் கான்பானுக்கே போய்விடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஸ்பிரின்ட் ரிவியூவை டெமோ என்று மட்டும் நினைக்க வேண்டாம். பார்க்க வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனால் அந்த ஒரு மணி நேரத்தால் பயனில்லை. அதைப் பார்த்த பிறகு பேக்லாகின் வரிசை மாறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெட்ரோவில் நீங்கள் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு குறை எழுதுகிறீர்கள், ஆனால் அடுத்த ரெட்ரோவிலும் அதே பட்டியல் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். அதை ஒரு டிக்கெட்டாக்கி அடுத்த ஸ்பிரின்ட் பட்டியலில் மற்ற வேலைகளோடு வையுங்கள். 2017 கைடு ஒன்றாவது இப்படி இருக்க வேண்டும் என்றே சொன்னது, 2020ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், நான் இன்னும் பழையதைத்தான் பின்பற்றுகிறேன். பட்டியலில் இல்லாத முன்னேற்றத்துக்கு யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. இதோடு சேர்ந்த இன்னொன்று: ஸ்க்ரம் முறை சரியாக நடக்க உதவும் உங்கள் ஸ்க்ரம் மாஸ்டரே அப்ரைசல் எழுதும் மேனேஜராகவும் இருக்கிறார் என்றால், மாட்டிக்கொண்டிருப்பதை அவர் முன்னால் யாரும் மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள். முடிந்தால் அந்த இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள், முடியாவிட்டால் ரெட்ரோவை டீமில் வேறு ஒருவர் நடத்தட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், அடுத்த பிளானிங்கில் எல்லா டிக்கெட்டிலும் ஆள் பெயரைக் காலியாக விடுங்கள். இலக்கை ஒரே வரியில் எழுதி பலகைக்கு மேலே போடுங்கள். வழக்கமாக எடுப்பதில் பாதியை எடுங்கள், வேலையைத் தொடங்கும் நாளன்றுதான் பெயர் ஏற வேண்டும். எட்டு பேருக்கு நான்கு அல்லது ஐந்து திறந்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று முடிந்து எல்லோரும் சீக்கிரம் காலியாகிவிட்டால் பேக்லாகில் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் வரிசை இருக்கிறது. முதல் இரண்டு ஸ்பிரின்டில் எடுத்த எண்ணிக்கை குறைவாகத் தெரியும், மேலே கேள்வி வரும், அதனால் மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவரிடம் காட்ட ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் போதும்: ஸ்பிரின்டின் எட்டாம் நாள் மாலை பலகையின் நடுவில் எத்தனை டிக்கெட் நிற்கிறது, முடிந்த பக்கம் எத்தனை இருக்கிறது. இன்றைக்கு உள்ள எண்ணையும் மறக்காமல் குறித்து வையுங்கள், நான்கு ஸ்பிரின்ட் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.